பத்து நிமிட ஆட்டம்

கார்முகிலன் ஜீப்பிலிருந்து இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு முதலில் வலது காலை ஊன்றினான். பிறகு இடது காலை, ஏதோ மூட்டையை இறக்கி வைப்பதுபோல மெதுவாக இறக்கினான். ஃபுட்பால் ஸ்டாரான அவனுக்கு ஊர் எடுத்த பாராட்டு விழாவின் பேண்டு வாத்தியத்திலும் வெடிப்புகையிலும் அதை யாரும் கவனிக்கவில்லை. அவனுடைய அக்கா கலையரசி கவனித்தாள். ஷூ கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு அறுநூறு ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டதை ஒதுக்குவது அவள் வேலை. ஆனால் இன்றைக்கு அந்தக் கண்கூடத் தேவைப்படவில்லை. விஷயம் அவளுக்குக் காலையிலேயே தெரிந்துவிட்டது.

காப்பி கொடுக்கக் கதவைத் தள்ளியபோது அவன் கட்டிலில் உட்கார்ந்து முட்டியில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டிருந்தான். முட்டி பெரிய சாத்துக்குடி அளவுக்கு வீங்கியிருந்தது.

"உள்ள ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்குக்கா. ஸ்கேன் எடுத்தாச்சி. எட்டு வாரம் ஓடாம இருந்தா சரியாயிடுமாம். ஓடினா முழுசா போய்டும். அப்புறம் ஆபரேஷன், ஒரு வருஷம் படுக்கணும்."

"இத ஏன்டா ஒளிச்சி வெச்சிருக்க?"

"பழைய கிளப்புல காண்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சி. புது கிளப்பு அடுத்த வாரம் கூப்ட்றேன்னு சொல்லிருக்கான். இது அவன் காதுல விழுந்தா கூப்ட மாட்டான். எனக்கு இருபத்தெட்டு ஆச்சிக்கா. வேற எவனும் கூப்ட மாட்டான். யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட."

அவள் அவன் கையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். மாலையும் சால்வையும்தானே, உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று இருவரும் நினைத்தார்கள்.

நான்கு மணி வெயிலில் மைதானம் நிரம்பி வழிந்தது. ஜோலார்பேட்டை, ஆலங்காயத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். 'ஆம்பூரின் தங்கக் கால்' என்று ஆளுயர எழுத்தில் பேனர். அதற்குக் கீழே, மேடையின் நடு நாற்காலியில் அம்மா வள்ளியம்மாள் பட்டுப்புடவையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் வாழ்நாளில் ஏறிய முதல் மேடை அது. கலையரசி மேடைப் படிக்கட்டின் ஓரமாக நின்றாள். சால்வைகள் வந்தன. ஒவ்வொருவருக்கும் தம்பி எழுந்து எழுந்து உட்கார்ந்தான்.

கடைசியாக மக்பூல் அகமது மைக்கைப் பிடித்தார். தோல் மண்டி வைத்திருப்பவர், ஊர் ஃபுட்பால் கிளப்பின் செயலாளர். கார்முகிலனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"நம்ம புள்ளைக்கே தெரியாத விஷயம் ஒண்ணு. வாணியம்பாடி டீம் வந்துருக்கு, பத்து நிமிஷம் ஒரு ஆட்டம். நம்ம டீமுக்கு யாரு கேப்டன்? நீங்களே சொல்லுங்க!"

மைதானம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. கார்முகிலனின் சிரிப்பு அப்படியே இருந்தது. நாற்காலிக் கையைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயின.

மஞ்சள் ஜெர்சி போட்ட வாணியம்பாடிக்காரர்கள் மேடைக்கு முன்னால் ஓடி உடம்பைச் சூடாக்கிக்கொண்டார்கள். அவர்களில் தவ்ஃபீக் என்ற தடுப்பாட்டக்காரன் கதவு மாதிரி அகலமாக இருந்தான். "ஸ்டார்கிட்ட இருந்து பந்த எடுத்தேன்னு ஊருக்குப் போய் சொல்லணும். விடவே மாட்டேன் இன்னைக்கு" என்று கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்தான். அதற்குள் யாரோ தம்பியின் கையில் ஒரு ஜோடி பூட்ஸைக் கொடுத்திருந்தார்கள். அவன் மறுக்கவில்லை. குனிந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தான்.

இவன் ஆடிவிடுவான் என்று கலையரசிக்குத் தெரிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஊரிடம் மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வராது. சொன்னால் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் கால் போகும். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. படியேறி மக்பூல் அகமதுவை மேடைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"பாய், தம்பி ஆட வேணாம்."

"இன்னாம்மா சொல்ற? இவ்ளோ ஜனம் வந்துருக்கு. பத்து நிமிஷம்தானே?"

"பத்து நிமிஷம்கூட வேணாம் பாய்."

"பேஜார் பண்ணாத கலை. ஆரம்பிக்கப் போறாங்க."

அவர் திரும்பினார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அப்படி ஒரு பெரிய மனிதரைத் தொட்டு நிறுத்தியதை அவளே அப்புறம்தான் உணர்ந்தாள்.

"முட்டில ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஓடினா முடிஞ்சிடும் பாய். வெளிய தெரிஞ்சாலும் முடிஞ்சிடும். புது கிளப்பு எடுக்க மாட்டான்."

மக்பூல் அகமதுவின் முகம் சுருங்கியது. "யா அல்லா" என்று மட்டும் சொன்னார். நேராக மைக்குக்குப் போனார்.

"ஒரு சின்ன விஷயம். தம்பி ஆட்ற கிளப்போட ரூலு ஒண்ணு இருக்கு. வெளி மேட்ச் ஆட பர்மிஷன் இல்லையாம். தம்பி ஆட்டத்தத் தொடங்கி வைப்பாரு, அவ்ளோதான்."

முதலில் முணுமுணுப்பு. பிறகு விசில். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "துட்டு குடுத்தாதான் ஆடுவாரா சார்?" அதற்குப் பெரிய சிரிப்பு. "நாங்க மண்ணுல ஆட்றவங்கதானே, எங்ககூடல்லாம் ஆட மாட்டாரு!" தண்ணீர் பாட்டில் ஒன்று சுழன்று வந்து வள்ளியம்மாளின் காலடியில் விழுந்து தெறித்தது. பட்டுப்புடவை நனைய அவள் எழுந்து நின்றாள். "இன்னாங்க ஆச்சி? ஏங்க எம்புள்ளய திட்றாங்க?" என்று பக்கத்தில் இருந்தவர்களை எல்லாம் கேட்டாள்.

கார்முகிலன் அம்மாவைப் பார்த்தான். மக்பூல் அகமதுவைப் பார்த்தான். பிறகு திரையோரம் நின்ற அக்காவைப் பார்த்தான். அவள் பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை. அவன் ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு காலில் சாக்ஸுமாக எழுந்து போய் மைக்கை வாங்கினான்.

"பாய் எனக்காக பொய் சொல்றாரு. ரூலெல்லாம் ஒண்ணும் இல்ல." பேன்டை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டான். "ஜவ்வு கிழிஞ்சிருக்கு. ஆட மாட்டேன்னு இல்ல. ஆட முடியாது. எங்கம்மா முன்னாடி திட்டாதீங்க."

மைதானம் அடங்கியது. பேண்டுக்காரன் கையிலிருந்த தாளத்தட்டு ஒன்று தவறிக் கீழே விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கலையரசிக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது, முன்வரிசையிலிருந்து காம்பவுண்டு சுவர் வரைக்கும் தூக்கிப் பிடித்த செல்போன்கள். அத்தனையிலும் தம்பியின் முட்டி.

மக்பூல் அகமதுவின் கண்ணிலும் அது பட்டிருக்க வேண்டும். மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "யாரும் இத வாட்ஸ்அப்புல போடாதீங்க. கையெடுத்துக் கும்புட்றேன். ஒரு கிளப்பு அவன எடுக்கப் போவுது. இந்த விஷயம் இந்த கிரவுண்ட தாண்டக் கூடாது. நம்ம புள்ள அவன்." மைக்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

தவ்ஃபீக் மேடையேறி வந்து தோளைக் கொடுத்தான். கார்முகிலன் அதில் சாய்ந்து படியிறங்கும்போது அக்காவிடம் நின்றான்.

"நீதான சொன்ன?"

"நான்தான்."

அவன் தலையசைத்தானா, கால் வலியில் தலை ஆடியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் போய்விட்டான்.

மைதானத்தில் செல்போன்கள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. சிலர் அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே திரையை அவள் பக்கம் திருப்பி, அழித்துக் காட்டினார்கள். சுவர்மேல் உட்கார்ந்திருந்த சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான். கலையரசி அவனை நோக்கி நடந்தாள். கூட்டம் வழிவிட்டது. செருப்பு எங்கே கழன்றதென்று தெரியவில்லை, மண் சுட்டது. அவள் சுவரடிக்கு வந்து நிமிர்ந்தபோது அவனும் பார்த்தான். அனுப்பப் போன அவனுடைய கட்டைவிரல் செல்போன் திரைக்கு ஒரு நூல் மேலே, அப்படியே நின்றது.