யார் கையில் நிற்கிறதோ

இஞ்சின் சூடாவதற்காக இருவரும் காத்திருந்தார்கள். புகை வெளியேற மெக்கானிக் டெல்மர் கொட்டகைக் கதவை ஒரு சாண் திறந்து வைத்திருந்தார். அந்த இடுக்கு வழியாக வடக்கு டகோட்டாவின் காற்று பனித்தூளை உள்ளே தள்ளியது.

எண்ணெய்க் கிணறு கிணறாகப் போய் அழுத்தம் பார்த்து வருவது மார்லிஸின் வேலை. அதற்குக் கம்பெனி கொடுத்த பிக்கப் வண்டியில், ஆயில் அழுத்தம் காட்டும் முள் பல வாரங்களாகப் படுத்தே கிடந்தது. சென்சார் பொய் சொல்கிறது என்றார்கள் எல்லோரும். மாற்றிப் பார்த்தும் முள் எழவில்லை. இன்று டெல்மர் சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் ஒரு குழாயை முறுக்கி, மறுமுனையில் கை மீட்டர் ஒன்றை மாட்டியிருந்தார்.

"ஆயில் கொறஞ்சிருக்கா?" என்றாள் மார்லிஸ்.

"அளவெல்லாம் சரியா இருக்கு. ஃபில்டர அறுத்தேன், இத பாரு."

விரித்து வைத்த ஃபில்டர் காகிதத்தின் மடிப்புகளில் செம்புத்தூள் மின்னியது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"பேரிங் தேஞ்சு கொட்டுதும்மா."

குளிர்ந்திருந்தபோது பாதியில் நின்ற மீட்டர் முள், சூடேறச் சூடேற இறங்கி, பூஜ்யத்துக்குச் சற்று மேலே நடுங்கிக்கொண்டு நின்றது. அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம்.

"இந்த மீட்டர் தப்பாக் காட்டாதா?"

"இதுல கரன்டும் இல்ல, கம்பியும் இல்ல. ஆயில் தள்ளுனா ஏறும், தள்ளலன்னா எறங்கும். பொய் சொல்ல அதுக்கு அறிவு பத்தாது."

பயம் வரும் என்று மார்லிஸ் எதிர்பார்த்தாள். வரவில்லை. யாருடைய வண்டியையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கம்பெனி யார்டில் இஞ்சின் யார் கையில் நிற்கிறதோ, அவர்தான் அதைக் கொன்றவர். போன அக்டோபரில் லைல் என்பவன் கையில் ஒன்று நின்றது. ஓட்டத் தெரியவில்லை என்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவனை அனுப்பிவிட்டார்கள். மார்லிஸின் வீட்டில் கணவன் கேரிக்கு டயாலிசிஸ். அது அவளுடைய வேலையோடு வந்த இன்சூரன்ஸில் நடக்கிறது.

சூப்பர்வைசர் கர்ட் காபிக் கோப்பையோடு உள்ளே வந்தான். "என்ன, பொணத்தச் சுத்தி நிக்கிற மாதிரி நிக்கிறீங்க?"

"பொணந்தான். இஞ்சின் போச்சு. இத ஓட்டக்கூடாது, கர்ட்," என்றார் டெல்மர்.

"ஓடுதில்ல? பின்ன என்ன. சென்சார மாட்டு." காபியை ஊதினான். "மார்லிஸ், நீ வெள்ளை வண்டிய எடுத்துக்க. இத்தன வருஷமா இருக்க, உன்னப் போய் மாட்டிவிடுவேனா? இது அந்தப் புதுப் பொண்ணுக்கு."

நன்றி என்று சொன்னது தன் வாய்தான் என்பது மார்லிஸுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

டெல்மர் சென்சாரை மாட்டி முடிக்கும்போது கெல்சி வந்தாள். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். பின்சீட்டில் பிள்ளையின் கார் சீட்டைப் போட்டு வார்களை இழுத்துக் கட்டினாள். வேலை முடிந்ததும் குழந்தைகள் காப்பகத்துக்குப் போய் அவனைக் கூட்டி வர வேண்டுமாம். முன்னால் ஏறி வண்டியைக் கிளப்பினாள்.

"அக்கா, இந்த முள்ளு ஏன் கீழயே கெடக்கு?"

டெல்மர் கை மீட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"சென்சாரும்மா," என்றாள் மார்லிஸ். "எல்லா வண்டிலயும் அப்படித்தான்."

"அப்பாடா. நான் வந்த நேரமோன்னு பயந்துட்டேன்." கெல்சி சிரித்துக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். "எனக்காக சூடு பண்ணி வெச்சிருக்கீங்க! முதல் நாள்லேருந்து நீங்க மட்டுந்தான்க்கா என்ன நல்லாப் பாத்துக்கறீங்க."

ரேடியோவைப் போட்டாள். பாட்டு பிடித்திருந்தது போல. அடியில் கேட்ட அந்தச் சத்தம் மறையும்வரை ஒலியைக் கூட்டி, ஸ்டியரிங்கில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே பனிக்குள் வண்டியை இறக்கினாள்.