செட்டிங்கை மறந்த சுவிட்ச்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காலையில் கரண்ட் போய் வருவது ஒரு அதிசயமா? வந்த பிறகும் குழாய்க் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஒன்றிலும் நெட்வொர்க் வரவில்லை என்பதுதான் அன்றைய கூத்து. மெஷின்கள் நின்றன. அத்தனை வயர்களும் போய்ச் சேரும் நெட்வொர்க் சுவிட்சின் முன்னால் மோனிகா லேப்டாப்போடு உட்கார்ந்தாள்.

பார்த்ததுமே புரிந்துவிட்டது. சேமித்து வைத்த செட்டிங் எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. ஆனால் மறுபடி ஆன் ஆகும்போது அதைப் படிக்காதே என்று யாரோ சுவிட்சுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டு மறந்தவர்கள் உள்ளே நுழையச் செய்யும் வேலை அது. முடிந்ததும் பழையபடி மாற்றிவைக்க வேண்டும்.

பக்கத்தில் நின்ற எபினேசருக்கு முகம் வெளுத்தது. பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு, பொன்னேரியில் ஒரே தெரு, இங்கேயும் இருவரும் காண்ட்ராக்ட்.

“நான்தான் மோனி. நேத்து வீடியோ பாத்துக்கினே பண்ணேன். உள்ள போனதும் வீடியோவ மூடிட்டேன். சார் கிட்ட சொல்லிடாத, ப்ளீஸ். பர்மனென்ட் போயிடும்.”

பர்மனென்ட் இடம் இருந்தது ஒன்று. ஆள் இவர்கள் இரண்டு பேர். அந்த இடத்துக்கு அவளும்தான் ஏங்கினாள். இருந்தாலும் கூடப் படித்தவனைக் காட்டிக்கொடுக்க மனசு வருமா?

“வுடு, நான் பாத்துக்கறேன்,” என்றாள்.

செட்டிங்கைச் சரிசெய்து, சுவிட்சை ஒருமுறை ஆஃப் செய்து போட்டுப் பார்த்து, மெஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் நிமிர்ந்தாள். எபினேசரைக் காணோம். மேனேஜர் விமல் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“இன்னாம்மா ஆச்சு?”

“கரண்ட் போனதுல ஏதோ ஆயிடுச்சு சார்.”

மேசைக்குப் பக்கத்தில் நின்ற எபினேசரை விமல் பார்த்தார். “நீ சொன்ன மாதிரியே மறைக்கிறாளேப்பா.”

“பயந்துட்டா சார். தெரியாம கை வெச்சிட்டா. அதான் நான் சரி பண்ணிட்டேனே, மன்னிச்சு வுட்ருங்க,” என்றான் எபினேசர். அவளுக்காக அவன் கெஞ்சிய அழகுக்குக் கல்லும் கரைந்திருக்கும்.

அடப்பாவி! மோனிகா அவனை நோக்கிக் கையை நீட்டினாள். “சார், பண்ணதே அவன்தான்!”

“இப்பதானம்மா கரண்ட்னு சொன்னே?”

யாருக்காகப் பொய் சொன்னாளோ, அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பர்மனென்ட் எபினேசருக்குத்தான் என்று விமல் அங்கேயே சொல்லிவிட்டார்.

“பேக்கிங்ல இன்னும் நெட்வொர்க் வரலியாம். போய்ப் பாரு எபி. இவளையும் கூட்டிக்கினு போ, பாத்துக் கத்துக்கட்டும்.”

பேக்கிங் ரூமுக்கென்று தனியாக இருந்த சுவிட்சிலும் நேற்று இதே வேலையைச் செய்தவன் அவனேதான். கேபிளைச் சொருகி உட்கார்ந்தவனுக்கு விரல் நகரவில்லை. வாசலில் விமல் போன் பேசிக்கொண்டு நின்றார். எபினேசர் குரலைத் தாழ்த்தினான்.

“மோனி, பழையபடி மாத்தறதுக்கு இன்னா டைப் பண்ணணும்?”

கூசாமல் கேட்கிறானே! பழக்கத்தில் பதில் அவள் வாய் வரைக்கும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சத்தமாக் கேளு எபி. சாருக்கும் கேக்கட்டும்.”