ஒரு தட்டு முட்டை

கணினி பழுது பார்க்கும் ஒபிரி நினைவகப் பட்டையைக் கழற்றி, மறுபடியும் அழிரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு கோளாறும் இல்லை என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அச்சுக்கடைக்காரி மான்சா பக்கத்திலேயே நின்றாள், எதையாவது தேய்த்தாக வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தினால் கணினியின் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கரியாகக் கிடந்தது. அவள் திரையைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். வருகிற சனிக்கிழமை ஒரு பெரிய இடத்துச் சாவுச் சடங்கு. இறந்துபோன கோக்கோ வியாபாரியைப் பற்றி அவருடைய பிள்ளைகள் எல்லோரும் போட்டி போட்டு எழுதிக் கொடுத்த இரங்கல் உரைகளும், அவர் வண்ணக் கென்டே துணி போர்த்திய படங்களும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. குமாசி நகரத்தில் கல்யாணப் பத்திரிகை தாமதமானால் சிரித்துக்கொண்டே மன்னித்துவிடுவார்கள். சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற இழவுப் புத்தகம் தாமதமானால் அந்த அச்சுக்கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை அவள் கேட்டது சின்ன வேலை. கணினி மெதுவாக ஓடுகிறது, சுத்தம் பண்ணிக் கொடு என்று சொல்லிவிட்டுத் தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். அதை முடித்துவிட்டு அவன் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பது கண்ணில் பட்டது. பொத்தானை அழுத்தியதும் கணினி முதலில் வாசிக்கிற நிரல் அது. அதைப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அதோடு சரி, கணினிக்குக் கண் திறக்கவே தெரியாது. இதை ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன்தான். பேட்டரி செத்த யூ.பி.எஸ். காலடியில் கிடக்க, யாரும் கேட்காத வேலையை ஆரம்பித்தான். பாதியில் கரண்ட் போனது.

மான்சா திரும்பி வந்து கேட்டபோது, யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது. பக்கத்து வெல்டிங் பட்டறை கரண்ட் இழுக்கிற இழுப்பில் கணினி போயிருக்கும் என்றான். மான்சா மனசில் வைத்துக்கொண்டு புழுங்குகிற ஆள் இல்லை. நேராகத் தெருவில் இறங்கி, வெல்டர் இசாகாவை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே கிழி கிழி என்று கிழித்துவிட்டாள். ஒபிரி கடைக்குள்ளேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

நேற்று இசாகா ஒரு தட்டு முட்டையோடு வந்தார். தப்பு செய்தவர் முட்டை கொண்டுவந்து மன்னிப்புக் கேட்பது குமாசியின் அசாந்தே மக்களின் வழக்கம். இசாகா வடக்கத்திக்காரர், அவருடைய ஊரில் இது உண்டோ இல்லையோ. பிழைக்க வந்த இடத்து முறைப்படியே செய்ய நினைத்தவர், தனக்காகப் பேசுவதற்குக் கட்டடச் சொந்தக்காரரையும் கூட்டி வந்திருந்தார். அவர் பேசப் பேச இசாகா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மான்சா மனமிறங்கி முட்டையை வாங்கிக்கொண்டாள். கணினி சரியாகிற வரைக்கும் வெல்டிங் மிஷினைத் தொடமாட்டேன் என்று இசாகா தானாகவே சொன்னார். பட்டறை வாசலில் அரைகுறையாய் ஒரு இரும்புக் கேட் அப்படியே கிடந்தது.

சரியான பயாஸ் கோப்பை ஒபிரி பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தான். தேவைப்பட்டது நிற்காத மின்சாரம். கரண்டை நம்ப முடியாது என்று அவன் சொன்னது பட்டறை வரை கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இசாகா தன் ஜெனரேட்டரை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். பெட்ரோலும் அவரே ஊற்றினார். வாசலில் குந்தி உட்கார்ந்து, அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒபிரி பென் டிரைவைச் செருகி, இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்தபடி பொத்தானைத் தட்டினான். திரையில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றி மெல்ல நீளத் தொடங்கியது. அவனுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

"இப்ப இது நின்னுபோனா என்ன ஆகும்?" என்று மான்சா கேட்டாள்.

"தொலைஞ்சுதுக்கா. அன்னிக்கு மாதிரியே ஆயிரும்" என்றான், கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. காது மடல் எரிந்தது. மான்சா மேசை மேலிருந்த முட்டைகளைப் பார்த்தாள், பிறகு ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் முதுகைப் பார்த்தாள். கோடு முடிந்தது. கணினி அணைந்து, தானே எழுந்தது. கோக்கோ வியாபாரி திரை நிறையச் சிரித்தார்.

வெளிச்சத்தைக் கண்டு இசாகா உள்ளே ஓடி வந்தார். ஒபிரியின் வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"என் மானத்தக் காப்பாத்திட்டீங்க, மாஸ்டர்."

ஒபிரிக்கு அந்தக் கையை அங்கேயே அறுத்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. அவரோ ஜெனரேட்டரை உருட்டிக்கொண்டு சந்தோஷமாகப் பட்டறைக்குப் போனார். மான்சா அவர் போகும் வரை காத்திருந்தாள். பிறகு முட்டைத் தட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

"கொண்டுபோய்க் குடு."

"நானும் கட்டடக்காரரக் கூட்டிக்கிட்டு, நாளைக்கு..."

"உனக்காக யாரும் பேச வேண்டாம். நீயே பேசு."

தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இறங்கினான். பக்கத்துப் பட்டறைதான், பத்தடிகூட இருக்காது. அவித்த சோளம் விற்கிறவள் முட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். இசாகா கேட்டை நிமிர்த்தி வைத்து, மிஷினைப் போட்டு, முகமூடியைத் தலைக்கு மேல் தூக்கி விட்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுச் சிரித்த முகமாகத்தான் திரும்பினார்.

மன்னிப்புக் கேட்டுத் தான் கொடுத்த முட்டையே திரும்பி வருவதைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. ஒபிரி வாயைத் திறப்பதற்குள் அவர் முகமூடியைக் கழற்றி வைத்தார். கையை நீட்டி, மிஷினை மறுபடி அணைத்தார்.