பெஞ்சில் பன்னிரண்டாவது ஆள்

இருதயசாமியின் குரல் வாசலில் கேட்டதுமே பூவாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து நடக்க முடிந்திருந்தால் அவர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தியிருப்பாள். இடுப்பெலும்பு முறிந்து ஏழு மாதமாகக் கட்டிலோடு கிடப்பவளால் உள்ளறையிலிருந்து காதைத் தீட்டிக்கொள்ளத்தான் முடிந்தது.

"ஏனுங்க தமிழ்ச்செல்வன், இருக்கீங்களா? கோயில்ல இருந்து வந்திருக்கறமுங்க."

'ங்க'வுக்கு ஒன்றும் குறைச்சலில்லை. திரை இடுக்கில் ஆள் தெரிந்தார். பங்குப் பேரவைத் துணைத்தலைவர், வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. பின்னால் ஆப்பிள் பையைச் சுமந்துகொண்டு ஓர் ஆசிரியை. அந்தத் தவக்காலத்தில் பங்குச் சாமியார் 'வீடு திரும்புவோம்' என்று ஒரு திட்டம் போட்டிருந்தார். கோயிலை விட்டு விலகிய கத்தோலிக்கரைத் தேடிப்போய் அழைத்துவர வேண்டுமாம். பதினோரு வருடமாக எட்டிப் பார்க்காதவர்கள், 'காணாமற்போன ஆடுகள்' என்று உருகிக்கொண்டு சிங்காநல்லூர் முழுக்க அலைந்தார்கள். இந்த ஆடு எங்கும் காணாமற் போகவில்லை. கோயிலுக்கு மூன்றாவது தெருவில், அதே ஓட்டு வீட்டில்தான் கிடந்தது.

ஆனால் பூவாத்தாளுக்கும் ஓர் ஆசை இருந்தது. இந்த ஈஸ்டருக்கு முன் ஒருமுறை சாமியார் கையால் நற்கருணை அப்பம் வாங்கிவிட வேண்டும். அவள் பேச்சில் அது 'நன்மை'; நன்மை, நன்மை என்று மாசக்கணக்கில் மகனை அரித்துக்கொண்டிருந்தாள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் மூன்று முறை சொல்லி அனுப்பியும் பதிவேட்டில் பேர் இல்லை என்றே பதில் வந்தது. அதனால்தான் மோட்டார் பட்டறையில் ஃபிட்டராக இருக்கும் அந்த மகன் தமிழ்ச்செல்வன் இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலி எடுத்துப் போட்டான்.

"அம்மா நன்மை வாங்கோணும்னு ஆசப்படறாங்க. சாமியாரு ஒருக்கா வந்தாப் போதுமுங்க."

"அதுக்கென்னுங்க, வரச் சொல்லிப்போடலாம். நீங்க பெரிய வியாழக்கெழம பாதம் கழுவற சடங்குக்கு வந்துருங்க. பன்னெண்டு பேர்ல ஒருத்தரா பெஞ்சுல ஒக்காரோணும். மறைமாவட்டத்து ஆயரே வாராருங்க. திரும்பி வந்த குடும்பம்னு நாலு பேருக்குத் தெரியோணுமில்லீங்களா? போட்டோவும் புடிப்பாங்க."

பெஞ்சு! இயேசு பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவித் துடைக்கும் அதே பெஞ்சு!

எண்பத்தஞ்சாம் வருடம், அப்போதிருந்த இளம் சாமியார் அவள் புருசன் ஐயாசாமியைப் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்த்திருந்தார். மனுசன் ஒரு வாரம் பீர்க்கன் நாரால் தேய்த்துத் தேய்த்துப் பித்தவெடிப்பையெல்லாம் போக்கினார். புது வேட்டி கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இதே இருதயசாமி குனிந்து, "ஒரு ஆளு கூடிப்போச்சு, நீங்க எந்திரிச்சுக்கங்க" என்றார். பெஞ்சில் பதினோரு பேர் மிஞ்சினார்கள். எண்ணத் தெரியாதவரா அவர்? "காலனிக்காரன் காலத் தொடைச்ச துண்டுல எங்க காலத் தொடைக்கறதா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் அவர் சொன்னது நாலு வரிசை தாண்டிக் கேட்டது. ஐயாசாமி அதன்பின் கோயில் வாசலை மிதிக்கவில்லை. மூன்றாம் வருடம் செத்தும் போனார்.

முன்னறையில்  தமிழ்ச்செல்வன் சொன்னான்: "சரிங்க. வாரேனுங்க."

அப்பனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் கையை ஓங்குகிறவன் அவன். அவனை இப்படிக் குனிய வைத்தது தன் ஆசைதான் என்று நினைத்தபோது பூவாத்தாளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இருதயசாமி குஷியாகிவிட்டார். ஒரு படிவத்தை எடுத்து, மூன்று பேனாவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "விலகுனதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. வேலப்பளுன்னு போட்டுக்கலாமுங்களா?"

"உங்க பேரப் போடுங்க," என்றாள் பூவாத்தாள் உள்ளிருந்து.

அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றார். "ஏனுங்கம்மா, என்ன சொன்னீங்க?"

"பதினோரு வருசத்துக்கு முந்தி என்ற ஊட்டுக்காரரப் பெஞ்சுல இருந்து எந்திரிக்கச் சொன்னீங்களே, அதுதானுங்க காரணம்."

இருதயசாமி நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தார். "எனக்கு ஞாபகமே இல்லீங்களே."

அவர் பொய் சொல்லவில்லை. அதைத்தான் பூவாத்தாளால் தாங்க முடியவில்லை. செய்த பாவத்துக்கு ஒரு நாளாவது தூக்கம் கெட்டிருப்பார் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தாள். ஒரு மனுசனை உயிரோடு கொன்றதுகூட நினைவில் நிற்காத இந்த ஆளையா பெரிய பாவி என்று எண்ணி வெறுத்துக்கொண்டிருந்தோம்? அதற்குக்கூட லாயக்கில்லையே!

"என்ற பையன் வரமாட்டானுங்க. ஆப்பிளையும் எடுத்துக்கங்க."

"அப்பறம் சாமியாரு இங்க வர்றது கஷ்டமுங்களே."

"தெரியுமுங்க."

அவர்கள் போனதும் தமிழ்ச்செல்வன் கட்டிலருகே வந்து நின்றான். "ஏம்மா இப்பிடிப் பண்ணுனே? ஒரு மணி நேரம் ஒக்காந்துட்டு வந்திருப்பேன். உனக்கு நன்மை வேண்டாமா?"

வேண்டாமா? அது கிடைக்காமலே போய்விடுவோமோ என்ற பயத்தில் அவள் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணும், கண்ணு. ஆனா உங்கப்பன எந்திரிக்க வெச்ச எடத்துல நீ போயி ஒக்காந்து வாங்கிட்டு வந்தா, எனக்குத் தொண்டையில எறங்காது."