கறுக்காத வட்டம்

ஆம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் தேவகி கணவரின் வரைபடத்தை விரித்தாள். வழியெல்லாம் நாலு தடவை பார்த்தாயிற்று. லோகநாதன் இறந்துபோன இந்த நாற்பது நாளாக அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேலூர் வீட்டில் அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தாள்.

அவர் சர்வேயர். அளக்கப்போன இடத்திலெல்லாம் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். உப்பென்றால், படத்தில் அந்தக் கிணற்றைக் குறிக்கும் வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்கி, பக்கத்தில் வருஷத்தை எழுதுவார். யாரும் கேட்ட வேலையில்லை. எண்பத்தெட்டில் தோல் தொழிற்சாலைகளை ஒட்டி நாலே வட்டம் கறுத்திருந்தது. பிறகு எறும்புச் சாரையாக ஆற்றோரம் முழுக்கப் பரவிவிட்டது. அச்சடித்த பாலாறு மட்டும் இன்னும் நீலமாகவே ஓடிக்கொண்டிருந்தது.

மனைப்பிரிவின் மூலையில், முள் சூழ்ந்த கிணற்றருகே மகள் சௌம்யா காத்திருந்தாள். அவள் வாங்கப்போகும் மனைக்கு நாளைக்குப் பத்திரப்பதிவு.

“பாரும்மா, இந்தக் கெணறு வெள்ளையா இருக்குது. அப்பாவே காட்டிக்குடுத்த எடம். இன்னா யோசிக்கிற?”

தண்ணீர் நன்றாயிருந்தால் வட்டத்தை வெள்ளையாகவே விடுவார். அவர் கால் படாத கிணறும் வெள்ளையாகத்தான் இருக்கும். அது தேவகிக்கு மட்டும் தெரியும். “இந்தப் பக்கம் பாக்கி நிக்குது தேவகி. ஆட்டோ வெச்சிப் போய்ட்டு வரலாமா?” என்று போன ஆடியில் கேட்டார். கிட்னி கெட்டுப்போனவருக்குக் கிணறு ஒரு கேடா என்று கத்திவிட்டாள். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

“தேன் மாதிரி தண்ணி மேடம்,” என்றார் புரோக்கர் ஆபித் பாஷா, வாளியை இழுத்தபடி.

“மொதல்ல நீங்க குடிங்க பாய்.”

“எனக்கு கேன் தண்ணிதான் மேடம் ஒத்துக்கும்.”

சௌம்யா சிரித்துவிட்டாள். தேவகி சிரிக்கவில்லை.

“அப்பா இங்க வரவே இல்ல, சௌம்யா. வர்றேன்னாரு. நான்தான் விடல.”

மகளின் சிரிப்பு அப்படியே நின்றது. தேவகி பையிலிருந்து அவருடைய பென்சில் துண்டை எடுத்து அவள் கையில் வைத்தாள். கைப்பிடிச் சுவரில் படத்தை விரித்தாள்.

வாளிக்குள் கையைக் குவித்து அள்ளி வாயில் ஊற்றிக்கொண்டாள். அவரைப் போலவே உடனே விழுங்காமல், கண்ணை மூடி நாக்கிலேயே வைத்திருந்தாள். சௌம்யா பென்சில் முனையை அந்த வட்டத்துக்கு ஒரு விரல் மேலே பிடித்தபடி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.