அமாவாசையில் மாற்றிய சர்வர்

தென்னரசுவுக்கு வேலை கிடைத்ததே அமாவாசையால்தான். நெசவாளர்களுக்கு ஆப் நடத்தும் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து வீடியோவில் நேர்காணல் நடத்திய தேவிப்ரியா மேடம் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "ஆரணி ஆபீஸ்ல சொந்த சர்வர் ஓடுது. அதை மூடிட்டு எல்லாத்தையும் கிளவுடுக்குக் கொண்டுபோகணும். எப்ப செய்வீங்க?"

சொந்த சர்வரா கிளவுடா என்று ஆளாளுக்கு அரைமணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, கடைசியில் ஞாயிற்றுக்கிழமை என்றார்கள். ஆரணிக்குப் பக்கத்துச் சேவூர்க்காரனான தென்னரசு மட்டும், "அமாவாசையில மேடம். அன்னிக்கு எங்க ஊர்ல ஒரு தறி ஓடாது," என்றான். மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. பெரிய கம்பெனிகளில் வருஷக்கணக்கில் குப்பை கொட்டியவர்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, "அனுபவம்னா இதுதான்" என்று இவனை எடுத்துக்கொண்டார். இப்போதைக்குத் தற்காலிகம். சர்வர் மாற்றம் நல்லபடியாக முடிந்தால் நிரந்தரம். சொதப்பினால் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை, பெருங்களத்தூரில் மூன்று பேரோடு ஒரே அறை.

அமாவாசையும் வந்தது. மருந்துக்கடை மாடியில் இருந்த அலுவலகத்தில் காலையிலேயே பழைய சர்வரை நிறுத்தினான். எந்த நெசவாளிக்குத் தறியில் ஏற்ற எந்தப் பாவுநூல், என்ன டிசைன், எந்தச் சேலை முடிந்தது என்று எல்லாம் சொல்லும் ஆப் இனி சாயங்காலம்வரை திறக்காது. திறக்காவிட்டால் என்ன, இன்று யாருக்கு வேண்டும்? டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

டீ வருவதற்குள் போன் வந்தது. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டிலிருந்து தனகோடி. வீடுவீடாகத் தறிவேலை கொடுக்கும் முதலாளி.

"இன்னாப்பா, ஆப் தொறக்கவே மாட்டேங்குது? சேலைய எடுத்துகினு தெருவே வந்து நிக்குது!"

"இன்னிக்கு லீவுதானேங்க?"

"லீவு தறிக்கு! தறி நிக்கிற அன்னிக்குத்தானே சேலைய குடுத்துட்டு அடுத்த பாவு வாங்கினு போவாங்க? மாசத்துலயே இன்னிக்குத்தான் கூட்டம். ஜல்தி பாருப்பா, பேஜாரா கீது."

தென்னரசுவுக்கு அடுத்தடுத்து போன்கள். மாற்றத்தைப் பாதியில் போட்டுவிட்டுப் பழைய சர்வரைத் திரும்ப எழுப்பினான். அது எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொண்டு எழ ஒரு மணி நேரமாவது ஆகும். நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்தால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு முள்ளிப்பட்டுக்கு விரட்டினான். போய் என்ன செய்யப்போகிறான் என்று அவனுக்கே தெரியாது.

தனகோடி வீட்டருகே வண்டியை நிறுத்தும்போது மேடம் கூப்பிட்டார்.

"கம்ப்ளைன்ட் மேல கம்ப்ளைன்ட். கிளவுட் கம்பெனி பக்கம் கோளாறா? அப்படின்னா சொல்லுங்க, அவங்களை நான் பாத்துக்கறேன்."

எவ்வளவு வசதியான கேள்வி! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை பிழைக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்ல மேடம், நாள்தான் தப்பு," என்றான். "அமாவாசையில தறிச்சத்தம் கேக்காது, அது தெரியும். சின்ன வயசுல எங்கம்மா கூலிக்கு நடவுக்குப் போறப்ப அவங்க பின்னாலயே இந்தத் தெருவுல நடந்திருக்கேன். தெருவுல கேட்டதுதான் எனக்குத் தெரிஞ்ச நெசவு. இந்த வீடுங்களுக்குள்ள எங்க தெரு ஆளுங்களை யாரும் கூப்பிட்டதில்ல. உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாமலே தெரிஞ்சவன் மாதிரி பேசிட்டேன்."

அவனுக்கு அவமானமாக இருந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"நானும் யாரையும் விசாரிக்கல," என்றார் மேடம். "ஊர்க்காரர் சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன். இப்ப எங்க இருக்கீங்க?"

"தனகோடி வீட்டுக்கு எதிர்ல."

"எதிர்ல நின்னு என்ன பண்றீங்க? உள்ள போங்க. கூட்டம் கலையற வரைக்கும் உக்காந்து பாருங்க. அடுத்த தேதியை நீங்கதான் சொல்லணும், அங்க இருந்து சொல்லுங்க."

அப்போதுதான் கவனித்தான். இவ்வளவு அவசரத்தில் வந்தவன், வண்டியைத் தெருவின் இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, யாராவது கூப்பிடுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். தெருவைக் கடந்தான். சேலையோடு நின்றவர்கள் வழிவிட்டார்கள். செருப்பை எங்கே விடுவது என்று கொஞ்சம் தடுமாறி, மற்றவர்களின் செருப்புகளோடு விட்டுவிட்டு உள்ளே போனான்.