வாசலை அடைத்த கார்

மூத்தவள் காருக்கு அடியிலிருந்து கையை நீட்டிப் பெரிய ஸ்பேனரைக் கேட்டாள். தம்பி சின்னதை எடுத்துக் கொடுத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே அவனுக்கு விஷயம் புரிந்திருக்கும்.

வீட்டுக்குள் அப்பா பெட்டியில் கிடந்தார். காலையில் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் அமரர் ஊர்தி வந்துவிடும். ஆனால் அவரை வெளியே கொண்டுபோக வழியில்லை. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சந்து. அதை அடைத்துக்கொண்டு அவருடைய பழைய கார், முன் சக்கரங்கள் இல்லாமல், இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

காலிப் பெட்டியைக் காரின் கூரைமேல் சரித்து எப்படியோ உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். திரும்பவும் அப்படியே கொண்டுபோகலாம் என்று சித்தப்பா சொன்னபோது அம்மா முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

“அவரைச் சாமான் மாதிரி சரிச்சுக்கிட்டுப் போகாதீங்க. நேரா, வாசல் வழியா போகட்டும்.”

அப்படியானால் காரை எடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தெருமுனை மெக்கானிக் போனை எடுக்கவில்லை. காரை அப்படியே இறக்கித் தள்ளிவிடலாமே என்று சித்தப்பா மறுபடி ஆரம்பித்தார். சக்கரத்தைக் காரோடு பிடித்து நிறுத்துவதே அப்பா கழற்றி வைத்திருக்கிற ஆர்ம் என்ற இரும்புக் கைதான், அது இல்லாமல் இறக்கினால் சக்கரம் மடங்கிக்கொண்டு கார் இன்னும் அழகாக வழியை அடைக்கும் என்று மூத்தவள் விளக்கினாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வேறு வார்த்தைகளில் அதையே சொன்னார். அவள் துக்கத்துக்குக் கட்டிவந்த புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கடியில் போய்ப் படுத்தது பாதி அவருக்குப் பயந்துதான்.

பல மாதங்களாகவே அந்தக் கார் மேடுபள்ளத்தில் எல்லாம் ‘டொக் டொக்’கென்று முனகியது. முன்பக்க ஆர்ம் இரண்டிலும் அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் நைந்துபோயிருந்தது. மெக்கானிக்குக்கு அது ஒரு காலை வேலை. ஆனால் அப்பாவுக்கு மெக்கானிக்குகள் எல்லோரும் சுத்தியலோடு பிறந்த கொலைகாரர்கள். தானே மாற்றுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவர் எதில்தான் நிற்கவில்லை? வழி தெரியாமல் எங்காவது போய் முட்டி நின்றால்கூட, ரோட்டைத்தான் எவனோ மாற்றிவிட்டான் என்பார். ‘நான்தான் தப்பு’ என்று அந்த வாயிலிருந்து ஒரு தடவை வந்து கேட்டதில்லை. அதைக் கேட்டுவிட வேண்டும் என்று மூத்தவளும் பாவாடை கட்டிய நாளிலிருந்து காத்திருந்தாள்.

நேற்று முழுக்கப் புது ஆர்மோடு மல்லுக்கட்டியிருக்கிறார். உள்ளே போகவில்லை. அம்மா பொறுமையிழந்து, உடம்பில் பலம் போய்விட்டது, விட்டுத் தொலையுங்கள் என்று சொல்லியிருக்கிறாள். அவர் கை கழுவிக்கொண்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்திருக்கிறார். காலையிலிருந்து அம்மா இதையே வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது வேறு யாரோ என்பது போல, மெதுவாக.

மூத்தவள் கையிலும் ஆர்ம் உள்ளே போகவில்லை. முன் போல்ட் ஏறியது, பின் போல்ட்டின் துளை ஒரு விரல் அகலம் தள்ளி நின்றது. தம்பி கம்பியைக் கொடுத்து நெம்பினான், கம்பி வழுக்கி அவள் முட்டியைப் பதம் பார்த்தது. தம்பியை, காரை, உள்ளே படுத்திருந்தவரை எல்லாரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே ஆர்மைக் கழற்றி, அட்டையில் கிடந்த இன்னொன்றின் பக்கத்தில் வீசினாள். வீசியதும்தான் கண்ணில் பட்டது. இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் வளைவு ஆளுக்கொரு பக்கம் பார்த்தது. அவள் பொருத்திக்கொண்டிருந்தது இடப்பக்கத்துக்கு உரியது. அதன்மேல் சாக்பீஸில், அப்பாவின் உருண்டைக் கையெழுத்தில், ‘வலது’ என்று எழுதியிருந்தது.

“அப்பா!” என்று வாசலைப் பார்த்துக் கத்தத் திரும்பினாள். வாசலில் சித்தப்பாவின் செருப்பு மட்டும் கிடந்தது. அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. பிடிபடுவதற்கு மனுஷன் தேர்ந்தெடுத்த நாளைப் பார்.

இடம் மாற்றியதும் இரண்டும் அடம்பிடிக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தன. சக்கரங்களை மாட்டி, காரை இறக்கி, பாரம் முழுக்கச் சக்கரத்தில் நின்ற பிறகு குனிந்து போல்ட்டுகளை இறுக்கினாள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். எப்படியும் விற்கப்போகிற காருக்கு இவ்வளவு எதற்கு என்று தம்பி கேட்டான். அவள் கடைசி போல்ட்டையும் இறுக்கி முடித்தாள். எல்லாருமாகக் காரைத் தெருவுக்குத் தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள்.

சந்து காலியானதைப் பார்த்து அம்மா வாசலுக்கு வந்தாள்.

“எப்படிடி உள்ள போச்சு? அவரு அந்தப் பாடு பட்டாரே?”

“அது வந்தும்மா, அப்பா...” என்று தம்பி ஆரம்பித்தான். மூத்தவள் அவன் காலை நன்றாக மிதித்தாள்.

“கடைக்காரன் இடது வலதை மாத்தி எழுதிக் குடுத்திருக்கான்மா. அப்பா இல்ல, பயில்வான் வந்திருந்தாலும் அது உள்ள போயிருக்காது. பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அதானே. அவரா தப்பு பண்ணுவாரு?” என்றாள் கடைசியில். கடைக்காரன் நாசமாகப் போக என்று வைதுகொண்டே உள்ளே போய், பெட்டியருகே குனிந்தாள். “கேட்டீங்களா, உங்க மேல தப்பே இல்லையாம்” என்று அவள் சொல்வது வெளியே வரை கேட்டது.

தெருக்கோடியில் ஊர்தி திரும்பியது. மூத்தவள் காருக்கு அடியில் மறுபடி குனிந்து, முந்தானையால் ஒரு பக்கத்து ஆர்மில் இருந்த சாக்பீஸ் எழுத்தைத் துடைத்தாள். சுற்றிப் போய் அடுத்ததையும் துடைத்தாள். அதில் அழுத்தி எழுதியிருந்தார், விரலால் தேய்க்க வேண்டியிருந்தது. பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். விரல்களில் ஒட்டிய வெள்ளையைத் தட்டிவிடாமல் அவள் உள்ளே போனாள்.